கேட்காமல் திறக்காதவள்

நான்காம் முறை மருந்து ஏற்றிக்கொண்டு பூட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, அவள் கடந்து வந்த வீடுகளின் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே திறந்துகொண்டன. எண்ணிப் பார்த்தவர்கள் முப்பத்தொன்று என்றார்கள். சைக்கிள் பூட்டுகளையும் சேர்த்தால் முப்பத்தாறு. "எல்லாம் நீங்க செஞ்ச பூட்டுதானே, உங்களைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்து நிக்குது" என்றார் தையல் கடைக்காரர். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "முடிதான் கொட்டிடுச்சு, மரியாதையாவது மிஞ்சட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பூட்டு என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. உள்ளே உயரம் வேறுபட்ட சின்னக் குச்சிகள் நிற்கும். சரியான சாவியின் பற்கள் அவற்றைத் தூக்கி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தால் உருளை சுற்றும். ஒரு வளைந்த கம்பி இருந்தால் ஊரில் எந்தப் பூட்டையும் அவளால் இரண்டு நிமிடத்தில் திறக்க முடியும். அதனாலேயே அவள் தொழிலில் ஒரு நியதி வைத்திருந்தாள்: சொந்தக்காரர் வாய் திறந்து கேட்காமல் எந்தப் பூட்டிலும் கை வைப்பதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதை மீறியதில்லை.

மார்பில் தொடங்கிய கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்த அன்று, அது எப்படிப் போனது என்று விளக்கச் சொல்லி டாக்டரம்மாவை அவள் விடவில்லை. உடம்பில் காவல் அணுக்கள் இருக்கின்றன, அந்நியனைக் கண்டால் அடிப்பதுதான் அவற்றின் வேலை என்றார் டாக்டர்.

"அப்போ காவல்காரன் தூங்கிட்டானா?"

"தூங்கலம்மா. கட்டி அவன் கையைப் பிடிச்சு, நான் நம்ம வீட்டு ஆளுதான்னு சொல்லுது. அவனும் நம்பி விட்டுடறான்."

அந்தக் கைப்பிடியை விலக்க ஒரு மருந்து. வேகமாகப் பெருகும் அணுக்களை வெட்டிக் கூட்டத்தைக் குறைக்க இன்னொரு மருந்து. வாய் புண்ணாவதும் முடி கொட்டுவதும் அதனால்தான். மூன்றாவது கதிர்வீச்சு. மார்பிலிருக்கும் கட்டியைக் கதிர் உடைக்கும்போது அதன் துண்டுகள் வெளியே சிதறும். காவல் அணுக்கள் அந்தத் துண்டுகளை வைத்து முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, கதிரே படாத நுரையீரல் வரைக்கும் தேடிப் போகக்கூடும். மூன்றும் சேர்ந்தாலும் எல்லாருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, சில சமயம் காவல் அணுக்கள் நல்ல உறுப்பையே தாக்கிவிடும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. மறைக்காமல் சொன்னதற்காகவே அவள் சம்மதித்தாள்.

"முன்னாடியே சோதிச்சுப் பார்க்கலையா?" என்று டாக்டர் கேட்டபோது, பதினோரு மாதத்துக்கு முன்பு சதை எடுத்துச் சோதித்ததையும், அது வெறும் கொழுப்புக் கட்டி என்று முடிவு வந்ததையும் அவள் சொன்னாள். முடிவை வாங்கி வந்தவர் அவள் கணவர். பஸ் நிலையத்தில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதும் உத்தியோகம் அவருக்கு. அன்று முதல் அந்தப் பரிசோதனைக்கூடத்தை அவள் திட்டாத நாளில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவிங்க, நல்லா இருப்பானுங்களா" என்று கூடவே திட்டினார்.

முப்பத்தொரு பூட்டுகளும் திறந்த அந்தப் பிற்பகலில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியின் பூட்டும் திறந்து கீழே விழுந்தது. கல்யாணமான புதிதில் கணவருக்கென்று அவள் செய்து கொடுத்த ஏழு குச்சிப் பூட்டு அது. சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். பூட்டை எடுத்து வைக்கலாம் என்று ஏறியவளுக்கு, பாதி திறந்திருந்த மூடிக்குள் மேலாகக் கிடந்த காகிதம் தெரிந்தது. அந்தச் சதைச் சோதனையின் முடிவு, அதே தேதி. புற்று என்று தெளிவாக எழுதியிருந்தது.

வேலை முடிந்து வந்தவர் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு நின்றார். தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவாய் என்று நினைத்தேன் என்றார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போய்விட்டது என்றார். மகளிடமும் தன் தம்பியிடமும் மட்டும் சொன்னாராம்.

"பஸ்ஸு ஏழு நிமிஷம் லேட்டுன்னாகூட நோட்டுல எழுதற மனுஷன் நீங்க. அந்தப் பதினோரு மாசத்தை எங்க எழுதினீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கேட்காம திறக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே என் பூட்டுக்குள்ளயே வெச்சீங்க? போங்க."

அவர் தம்பி வீட்டுக்குப் போனார். அவர் பின்னால் கதவைப் பூட்டப் பார்த்தாள். பூட்டியதும் திறந்துகொண்டது. மூன்று பூட்டு மாற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மகள் வந்து அழுதாள்; அவளுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

அதன்பின் மூன்று வருடங்கள் ஆகின்றன. நுரையீரலில் இருந்தவை சுருங்கிப் பயறளவில் நிற்கின்றன, போய்விடவில்லை, வளரவுமில்லை. கைப்பிடியை விலக்கும் மருந்தை நிறுத்திய பிறகும் பூட்டுகள் திறப்பது நிற்கவில்லை. தெருக்காரர்கள் தாழ்ப்பாளுக்கு மாறிவிட்டார்கள். அவை அவளுக்குக் கட்டுப்படுவதில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் பூட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கிறார்கள், அது திறந்ததும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவள் வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்று தச்சர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டாள்.

தினமும் வேலை முடிந்து கணவர் வருகிறார். கதவு திறந்தே கிடக்கிறது. அவர் படிக்குக் கீழே நிற்கிறார், உள்ளே வருவதில்லை. வீட்டுக்காரி வாய் திறந்து கூப்பிட வேண்டும். ஆறு மணி வண்டி புறப்படும் சத்தம் கேட்டதும் அவர் திரும்பிப் போகிறார். அவள் இன்னும் கூப்பிடவில்லை.