ஏழாம் ரவுண்டும் இடது கண்ணும்

ஜட்ஜுக்குக் கண் தெரியவில்லை என்று முதலில் சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரர்தான். குத்துச்சண்டையில் எங்கள் ஆளுக்குத் தோல்வி அறிவித்த மறுநாள் காலை, சலூன் திறந்ததும் திறக்காததுமாக உள்ளே வந்து, "அந்த மூணாவது ஜட்ஜை என் கடைக்கு அனுப்புங்கப்பா. டெஸ்ட் இலவசம், ஃப்ரேமும் நானே தரேன்" என்றார். சலூனே சிரித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் சிரித்தேன். என் தையல் கடைக்கும் அந்த சலூனுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. ஒட்டுக்கேட்கிறேன் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். காதைக் கழற்றி எங்கே வைப்பது, அதையும் அவர்களே சொல்லட்டும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குத்துச்சண்டைக்காரன் இருக்கிறான். இதுவரை ஒரு பட்டமும் வாங்கியதில்லை. ஆனாலும் தெருவுக்கே அவன் சாம்பியன். இரண்டு மாதத்துக்கு முன்னால் துறைமுகத்தான் என்று கூப்பிடப்படும் ஒருவனோடு பத்து ரவுண்டு மோதினான். ஒரு ஜட்ஜ் நம் ஆளுக்கு 96-94 போட்டார். மற்ற இருவர் அதே கணக்கை அப்படியே திருப்பித் துறைமுகத்தானுக்குப் போட்டுவிட்டார்கள். சலூன்காரர் போட்ட கணக்கு வேறு: 97-93, சாம்பியனுக்கு. அதைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி, மாதம் இரண்டு ஆகியும் அந்தத் தாளைக் கிழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அந்தக் காலண்டரை நம்பி ஒருவர் கல்யாணத்துக்கே தப்பான நாளில் போய் நின்றார்.

மூன்றாவது ஆள் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்து மதியம் வந்துவிடுவார். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, பேச மட்டும் வருவார்.

"எட்டாவது ரவுண்டுல நம்மாளு கயித்துல சாஞ்சு நின்னான்யா. அதை எப்படி நமக்குப் போடறது?" என்பார் டிரைவர்.

"சாஞ்சது தந்திரம்."

"தந்திரமா சாஞ்சவன் இத்தனை குத்தா வாங்குவான்?"

"நீ பஸ்ஸை ஓட்டு. சண்டையை நாங்க பார்த்துக்கறோம்" என்பார் சலூன்காரர்.

அடுத்தது யாரோடு என்பதிலும் சச்சரவு. அதே துறைமுகத்தானோடு மறுமோதல் அடுத்த மாதம் என்று முடிவாகியிருந்தது. துறைமுகத்தானைச் சாய்த்தால் பட்டம் வைத்திருக்கும் நெட்டையோடு. "நெட்டைக்குக் கை முழங்கால் வரைக்கும் வருது, கிட்டயே போக முடியாது." "உள்ள புகுந்துட்டா அந்தக் கையை வச்சு முதுகு சொறியத்தான் முடியும்." இப்படியே நெட்டையையும் வீழ்த்தி, வெளிநாட்டுக்காரன் ஒருவனையும் வரவழைத்து, அடுத்த வருஷக் கடைசி வரை அட்டவணை போட்டுவிட்டார்கள்.

சாம்பியன் மாலையில் வந்து மூலை பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். தோற்ற வாரத்தில் அவன், "போதும்ணே. கிடங்குல சூப்பர்வைசர் வேலை இருக்குன்னாங்க, போயிடறேன்" என்றுதான் சொன்னான். என் காதால் கேட்டேன். மூன்று பேரும் சேர்ந்து, நீ ஜெயிச்சவன்டா, உன்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்கடா என்று நாள் தவறாமல் ஓதினார்கள். நாலாவது வாரம் அவன் மறுபடி ஓட ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை மதியம் அவனுடைய அக்கா சலூனுக்குள் வந்தாள். சலவை ஆலையில் வேலை. நீராவியில் வெந்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். பெண்கள் வராத இடம், அதனால் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நான் மெஷினை நிறுத்தினேன்.

"அண்ணே, ஒரு உதவி வேணும். தம்பிகிட்ட அவன் தோத்துட்டான்னு சொல்லுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"மத்தவங்க சொன்னா கேக்க மாட்டான். நீங்க மூணு பேரும்தான் அவனுக்கு எல்லாம். நீ நியாயமாத்தான் தோத்தேன்னு சொன்னீங்கன்னா விட்டுடுவான்."

"எதுக்கும்மா அப்படிச் சொல்லணும்?" என்றார் சலூன்காரர், கொஞ்சம் ரோஷமாக.

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். சலவைக்காரிக்குத் துணி எடுத்ததும் பைகளைத் துழாவுவது பழக்கம். தம்பியின் ஜாக்கெட்டைத் துழாவியபோது கிடைத்தது. கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. இடது கண்ணில் விழித்திரை கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இனி ஓர் அடி பட்டாலும் பார்வை போகும் என்று டாக்டர் எழுதியிருந்தார். தேதி, சண்டைக்கு மூன்று நாள் கழித்து.

"கேட்டா, மறுமோதல் முடியட்டும்கா, அப்புறம் பார்க்கலாம்கறான். டம்ளருக்கு வெளிய டீ ஊத்தறான். இடது பக்கம் கதவு இருந்தா இடிச்சுக்கறான். வியாழக்கிழமை குத்துச்சண்டைச் சங்கத்து டாக்டர் டெஸ்ட் பண்ணுவாராம். அதுல எப்படியும் மாட்டிப்பான்னு நெனச்சேன். இவன் என்னடான்னா பயமே இல்லாம இருக்கான். குளிக்கும்போது ய, ப, ட, ம, ரன்னு என்னமோ முணுமுணுத்துக்கிட்டே குளிக்கறான்."

அந்த முணுமுணுப்பை நானும் மாடிப்படியில் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு பெண்ணின் பேரைச் சுருக்கி வைத்திருக்கிறான் என்று நான்கு வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீயே சங்கத்துல சொல்லிடலாமேம்மா" என்றார் டிரைவர்.

"சொல்லலாம். அப்புறம் ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். அவனா விடணும்ணே."

சலூன்காரர் காலண்டரைப் பார்த்தார். "ஜெயிச்சவனை எப்படிம்மா தோத்தேன்னு சொல்றது? வாய் வராது எனக்கு."

"ஜெயிச்சானா? இன்னொரு தடவை போடுங்க, நானும் பார்க்கறேன்" என்றாள். அதுவரை தம்பியின் ஒரு சண்டையையும் அவள் பார்த்ததில்லை.

டிவியில் போட்டார்கள். சத்தம் வேண்டாம், அந்தக் கூச்சலில் எனக்கு ஒன்றும் ஓடாது என்றாள். ஊசியில் நூல் கோக்க அந்தக் கடையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நானும் போய் நின்றுகொண்டேன். வழக்கமாக இவர்கள் எண்ணுவது சாம்பியன் கொடுக்கிற குத்துகளை. அவள் வேறொன்றை எண்ணினாள். துறைமுகத்தானின் வலது கை வரும்போது தம்பியின் தலை அசைகிறதா, இல்லையா. அசையாதபோதெல்லாம் ஒரு விரலை மடக்கினாள்.

முதல் ஆறு ரவுண்டில் நான்கு விரல். ஏழாம் ரவுண்டின் தொடக்கத்தில் ஒரு குத்து இடது கண்ணில் நேராக விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து வந்த எதற்கும் அவன் தலை அசையவில்லை. கையும் ஏறவில்லை. ஒவ்வொன்றும் வந்து விழுந்த பிறகுதான், எங்கிருந்து வந்தது என்பதுபோலத் திரும்பினான். தந்திரமாகச் சாய்ந்தான் என்று சலூன்காரர் இரண்டு மாதமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்த எட்டாம் ரவுண்டில், அவன் கயிற்றைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கை விரல்களையும் மூன்று தடவை மடக்கி முடித்து, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

சலூன்காரர் டிவியை அணைத்தார். போய்க் காலண்டர் தாளைக் கிழித்தார். "சொல்லிடறோம்மா."

புதன்கிழமை மாலை சாம்பியன் ஷேவிங்குக்கு வந்தான். மறுநாள் டெஸ்டுக்குப் பளிச்சென்று போக வேண்டுமாம். சலூன்காரர் நுரை பூசினார். பூசினார், பூசினார், மூக்கு வரைக்கும் பூசிவிட்டார்.

"தம்பி, சண்டையைத் திரும்பப் பார்த்தோம். நீ தோத்துட்டேடா."

நுரைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தன. "என்னண்ணே, திடீர்னு?"

"ஆமாப்பா. ஜட்ஜுங்க போட்டது சரிதான்" என்றார் டிரைவர்.

"அப்படியா? நீங்க எவ்வளவு போட்டீங்க?"

இங்கேதான் எல்லாம் கெட்டது. அன்றைக்கு யாருமே கணக்குப் போடவில்லை. எல்லோரும் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"97-93" என்றார் சலூன்காரர்.

"96-94" என்றார் டிரைவர், அதே நேரத்தில்.

"கண்ணாடி அண்ணே, நீங்க?"

கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்தபடி, "98... 92" என்றார்.

சாம்பியன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எட்டாவது ரவுண்டு யாருக்குப் போட்டீங்க?"

"அவனுக்கு." "நமக்கு." இரண்டு வாய், இரண்டு பதில். பழக்க தோஷம்.

அவன் சிரித்தான். "அக்கா அழுதாளா? பொய் சொல்லணும்னா மூணு பேரும் ஒரு தடவை பேசி வச்சிருக்கக் கூடாதா? இதுக்கு அந்த ஜட்ஜுங்களே பரவாயில்லைண்ணே." பாதி ஷேவிங்கோடு எழுந்து, கதவின் இடது சட்டத்தில் தோளை இடித்துக்கொண்டு போனான்.

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார். பிறகு கண்ணாடிக் கடைக்காரர் ஆரம்பித்தார்.

"அந்த எழுத்தெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எந்த எழுத்து?"

"கண்ணு டெஸ்டுக்கு மாட்டற அட்டையில இருக்கறது. சங்கத்துக்கு அந்த அட்டை என் கடையிலேர்ந்துதான் போச்சு. கண்ணு லேசா மங்கலா இருக்குண்ணே, ஒரு தடவை சமாளிச்சுக்கறேன்னான். களைப்பா இருக்கும்னு நெனச்சேன். அஞ்சு வரியும் எழுதிக் குடுத்தேன். மனப்பாடம் பண்ணிட்டானான்னு நானே உட்கார்ந்து ஒப்பிக்கச் சொன்னேன்யா."

ஊர் ஜட்ஜுக்கெல்லாம் இலவச டெஸ்ட் தருவதாகச் சொன்ன மனிதர். என்னால் கேலி செய்ய முடியவில்லை.

"டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லிடு" என்றார் டிரைவர்.

"சொன்னா அந்தப் பொண்ணுதான் போட்டுக் குடுத்துட்டான்னு நெனைப்பான். வேண்டாம். நான் பண்ணினதை நானே பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை அவர் கடையைத் திறக்கவில்லை. அக்கா வேலைக்குப் போகவில்லை. அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை என்று சொல்லி நானும் கிளம்பினேன். உண்மை என்ன என்று உங்களுக்குத் தெரியும். சங்கத்து அறைக்கு வெளியே சலூன்காரரும் டிரைவரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே ஸ்டூலில் ஏறிப் பழைய அட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "மஞ்சள் பூத்துப்போச்சு டாக்டர். புதுசு மாட்டிடறேன்" என்றார். இப்படி ஒரு கடைக்காரர் உண்டா என்று டாக்டர் நன்றி வேறு சொன்னார்.

சாம்பியன் வந்தான். எங்களை எல்லாம் பார்த்து, கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் தலையசைத்தான். எடை பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள். வலது கண்ணைத் திறந்துவைத்துப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் அவனே, "முதல்ல இடதுலேர்ந்து ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றான். பயத்தை முதலில் முடித்துவிட நினைத்திருப்பான். அட்டை இருந்த சுவரை நிமிர்ந்தும் பார்க்காமல் வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டான்.

"ய, ப, ட, ம, ர."

டாக்டர் பேனாவை எடுத்தவர் எழுதவில்லை.

அவன் அடுத்த வரிக்குப் போனான். அதற்கடுத்த வரிக்கும். ஒரு தடங்கல் இல்லை, நன்றாகப் படிக்கிற பிள்ளை மேடையில் ஒப்பிப்பதுபோல. சுவரில் இருந்த அட்டையில் 'ய' என்கிற எழுத்தே கிடையாது. அதில் இருந்தவை வெறும் எண்கள். ஐந்தாவது வரியையும் முடித்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு அவன் சற்றே சிரித்தான். அக்கா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கவே சிரிப்பு மெதுவாக இறங்கியது. சத்தம் வருகிற பக்கத்துக்காகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கிருந்தும் சத்தம் வரவில்லை.

"கண்ணாடி அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"அட்டையை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்."

 அவன் வாசல் பக்கம் திரும்பினான். "சலூன் அண்ணே. டிரைவரண்ணே. இன்னிக்காவது மூணு பேரும் ஒரே மாதிரிப் போட்டீங்களா?"

"ஒரே மாதிரிதான்டா" என்றார் சலூன்காரர்.

வலது கண்ணை மூடியிருந்த கையை அவன் எடுக்கவே இல்லை. எடுத்தால் அட்டையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். டாக்டர் எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. கடைசியில் அக்கா உள்ளே போய், வெளுத்த விரல்களால் அந்தக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கினாள்.