கேனில் வெளுத்த நீலம்

கிக்கரின் மேல் தன் முழு எடையையும் போட்டு நின்றான் பாக்யராஜ். அது இம்மியும் இறங்கவில்லை.

"பிஸ்டன் புடிச்சிகினு கெடக்கு" என்று கீழே குதித்தான்.

வண்டி செல்வகுமாரி வீட்டு வாசலில் நின்றது. காலையில் காய்ந்த ஏரிக்குள் அவள் அண்ணன் தமிழ்க்குமரன் அதை முறுக்கிக்கொண்டு போனபோது, இன்ஜின் சட்டென்று இறுகிப் பின்சக்கரம் நின்று, ஆளைத் தூக்கி எறிந்திருந்தது. காறையெலும்பு முறிந்து, கையைக் கட்டித் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்த கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. மண்ணில் பாயட்டும் என்று அதை உயர்த்திக் கட்டி, சிலிண்டரின் உள்துளையான போரைக் கடைந்து புதுப் பிஸ்டன் இறக்கித் தந்தவன் பாக்யராஜ். தமிழ்க்குமரனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"ஏன்டா பாக்யா, போர டைட்டா போட்டு என்னப் பொதைக்கப் பாத்தியா?"

"இவன் கடைக்குப் பக்கத்துலயே சவப்பெட்டிக் கடையும் வெச்சிடலாம்" என்றான் ஒரு கூட்டாளி. சிரிப்பு எழுந்தது.

"தொறந்து பாக்காம பேசாத தமிழு" என்றான் பாக்யராஜ். அவன் சிரிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஆயில் விட்டான். ஊறட்டும் என்று காத்திருந்தான். பிறகு கியரைப் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக உலுக்கினான். ஏதோ ஒன்று உள்ளே விட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் சிலிண்டரை மேலே உருவினான். வெளியே வந்த பிஸ்டனைப் பார்க்க எல்லோரும் குனிந்தார்கள். கரடி பிறாண்டியதுபோல் சுற்றிலும் கீறல்கள். பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டி இழுபட்டிருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா வேற கத. இது சுத்தியும் தேஞ்சிருக்கு. ஒண்ணு, ஆயில் இல்லாத பெட்ரோல்ல ஓடியிருக்கணும். இல்லன்னா..." பாக்யராஜ் நிறுத்தினான். அந்த வண்டிக்குத் தனியாக ஆயில் போகும் வழி கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால்தான் பிஸ்டன் வழுக்கி ஓடும்.

"கேன்ல ஆயில் கலந்து குடுத்தது நீதானடா?"

"நான்தான்."

"அதத்தான் கடைசி சொட்டு வரைக்கும் டேங்க்ல ஊத்தினேன்."

பாக்யராஜ் பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப போர்தான். என் கை தப்பிடுச்சி. நானே செஞ்சி தரேன், நீ ஒண்ணும் குடுக்க வேணாம்."

கதவருகில் டீத் தட்டோடு நின்ற செல்வகுமாரி, டீயைக் கொடுக்காமலே உள்ளே திரும்பினாள்.

அவளுக்கு வீராம்பட்டினம் போகப் பிடிக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கடைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பாள். கிளம்பும்போது வண்டியில் பெட்ரோல் இருக்காது. கொட்டகையில் அண்ணனின் கேன் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் வாங்கி, கேனில் பழைய அளவுக்கு நிரப்பி வைப்பாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அப்படி ஒருமுறையா போனாள்?

ஆயிலின் நிறம் ஏறி, கேனில் இருந்தது முதலில் நல்ல நீலமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வெளுத்தது. கடைசியில் தண்ணீரில் ஒரு துளி சொட்டுநீலம் விட்டதுபோல ஆகிவிட்டது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள்.

சாயங்காலம் கூட்டாளிகள் போனபின் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்றுதான் நினைத்தாள். அவன் முதலில் அவளையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. அவனே தப்புன்னு ஒத்துகினான், செஞ்சும் தரான். நடுவுல நீ இன்னாத்துக்கு?"

"அவரு செய்யாத தப்புண்ணே அது."

"நீ எதுக்கு வீராம்பட்டினம் போன, யாரப் பாக்கப் போனன்னு ஊரு கேக்கும். இன்னா சொல்லுவ, கடலப் பாக்கப் போனேன்னா? உள்ள போடி."

ஸ்கூட்டர் சாவி அவன் சட்டைப் பைக்குள் போனது.

இரவு படுத்தபோது, அண்ணன் சொன்னதைக் கேட்டதும் தனக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதி வந்ததை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் கூசியது.

மறுநாள் அம்மா கழனிக்குப் போனதும் செல்வகுமாரி வாய்க்கால் ஓரமாக நடந்தே பாகூர் ரோட்டிலிருந்த பாக்யராஜ் கடைக்குப் போனாள். அங்கே திருக்கனூரிலிருந்து வந்த இரண்டு பேர் நின்றார்கள். போர் கடையக் கொடுத்திருந்த தங்கள் சிலிண்டரைத் துணியில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நெனைக்காதண்ணே. நேத்து கத எங்களுக்கும் வந்துச்சி. இவனுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சி."

"எடுத்துகினு போங்கபா" என்றான் பாக்யராஜ். அவன் குந்தியபடி, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு, தமிழ்க்குமரனின் சிலிண்டருக்குள் தடவிக்கொண்டிருந்தான். ஒட்டிய அலுமினியம் நுரைத்துக் கரைந்தது. அவளைப் பார்த்தான். "இன்னாம்மா, உங்கண்ணன் அனுப்புனானா?"

அவர்கள் போகட்டும், பிறகு தனியாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர்கள் போய்விட்டால் சொல்லி என்ன பயன் என்றும் தோன்றியது.

"போர்ல தப்பு இல்லண்ணே" என்றாள். அவர்களுக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள். "கேன்ல இருந்தத நான் எடுத்துட்டு, வெறும் பெட்ரோல ஊத்தி வெச்சேன். பல தடவ."

துணி சுற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பாக்யராஜ் பஞ்சைக் கீழே வைத்தான்.

"நீலம் எப்படி இருந்துச்சி, கடைசியா?"

"வெளுத்துடுச்சி."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நேத்து நான் அங்க உக்காந்து, என் கைதான் தப்புன்னு சொல்லிகினு இருந்தனே. அப்ப நீ எங்க இருந்த?"

"கதவுகிட்ட. டீ எடுத்துகினு."

அவன் எழுந்தான். நெற்றியைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டான். "விடிய விடிய இந்த சிலிண்டர அளந்துகினு இருந்தேம்மா. ஒட்டாத எடத்துல அளவு சரியாத்தான் வருது. அளவுகோல்தான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன். அப்புறம் எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சேன்." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திருக்கனூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "கல்யாணம் ஆனவன் நீ, நீயே சொல்லு" என்றான். மற்றவன் தலையைச் சொறிந்துகொண்டு சிலிண்டர் மூட்டையை மறுபடியும் மேசைமேல் வைத்தான். பிறகு அவளை மேலும் கீழுமாகப் பார்த்து, "அப்படி எங்கம்மா போவ, அண்ணனுக்குத் தெரியாம?" என்று கேட்டான்.

"நீ உன் வேலயப் பாருபா" என்றான் பாக்யராஜ். அவள் பக்கம் திரும்பாமலே, "நீ வூட்டுக்குப் போ. உங்கண்ணன் தேடுவான்" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்த போன் அடித்தது. அண்ணன்தான்.

"எங்கடி இருக்க?"

"பாக்யராஜ் அண்ணன் கடையில."

"அங்க இன்னா வேல உனக்கு?"

"சொல்லிட்டேண்ணே. திருக்கனூர்க்காரங்களும் இருந்தாங்க, அவங்க எதிர்லயே சொல்லிட்டேன்."

காதிலிருந்து போனை எடுக்காமல், அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதற்காக அவள் நின்றாள்.