உடைந்தால் கம்ப்யூட்டர் கிளாஸ்

அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒரு ஸ்டூல் செய்ய வேண்டும். பசை கூடாது, ஆணி கூடாது, எண்பத்தெட்டு கிலோ ஹெர்பர்ட் சார் அதில் உட்கார வேண்டும். டிசைன் காலேஜில் முதல் வருடம் தேற அவ்வளவுதான் தேவை. அந்த அவ்வளவுதான் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

பதினான்கு ஸ்டூல் செய்து பதினான்கையும் நானே உட்கார்ந்து உடைத்தேன். பதினைந்தாவது நின்றது. அதை விவேக் நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் காலேஜுக்குக் கொண்டுபோகும்போது மழை பிடித்துக்கொண்டது. சார் உட்காருவதற்கு முன்பே ஊறிப்போன கால்கள் மடங்கிவிட்டன. போனால் போகிறதென்று இன்னும் ஒரு வாரம் கொடுத்தார்.

"இதுவும் உடைஞ்சா பேசாம கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேர்ந்துடு அலமு. தொண்ணூத்தொம்பதுல ஊரே அதைத்தான் படிக்குது," என்றாள் அம்மா. ஃபாரம் வாங்கியே வைத்துவிட்டாள். கோபத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. புது ஸ்டூல் செய்தேன். தண்ணீர் ஏறாமலிருக்க, மிஞ்சிய துண்டு அட்டைகளில் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன், உப்பியது. எண்ணெய் தடவினேன், தொய்ந்தது. பக்கத்து வீட்டு தியோடர் அங்கிள், குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தித் தட்டுகளைச் சுத்தம் செய்பவர். என் புலம்பல் தாங்காமல், வியாழக்கிழமை ஜெபத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார். உருக்கி ஸ்டூலின் கால்களில் தடவினேன். காய்ந்ததும் தட்டினால் பலகை மாதிரி சத்தம். தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் ஓடியது. ஆசை யாரை விட்டது? உட்காரும் இடத்திலும் இரண்டு பூச்சு பூசினேன்.

மறுநாள் காலேஜில் சார் டெரிலின் பேண்டோடு வந்து உட்கார்ந்தார். அடுத்த நொடி தரையில் இருந்தார்.

நான் ஸ்டூலின் கால்களைத்தான் பார்த்தேன்.

"எனக்கு அடிபட்டுச்சான்னு கேக்க மாட்டியாம்மா?"

"உடையல சார்," என்றேன்.

"ஸ்டூல் நிக்குது, ஆள் நிக்கலையே. திங்கட்கிழமை சரிபண்ணிக் கொண்டா."

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "உடைஞ்சுதா?"

"இல்ல. சார்தான் வழுக்கி விழுந்தார்."

அம்மா ஸ்டூலை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு பீன்ஸ் கூடையோடு அதன்மேல் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன். ஆனால் அவள் வழுக்கவில்லை. பருத்திப் புடவை! அப்படியானால் வம்பெல்லாம் மெழுகுக்கும் டெரிலினுக்கும்தான். மேலே இருக்கும் பூச்சை மட்டும் சுரண்டிவிட்டால் போதும். ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

"எழுந்திரும்மா, சுரண்டணும்."

"இரு. சௌகரியமா இருக்கு, பீன்ஸ் முடியட்டும்," என்றாள்.

காம்புகளைப் போட அந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ் ஃபாரத்தைத்தான் கீழே விரித்திருந்தாள்.