இருமுவதற்கு ஒரு அறை

ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே வருகிற பெண்கள் எல்லோருக்கும் மார்பகப் புற்றுநோய். பழைய மருந்துகள் எல்லாம் அவர்களைக் கைவிட்டிருந்தன. இன்னும் கடைக்கு வராத ஒரு மருந்து, எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது, என்னென்ன தொந்தரவு தருகிறது என்று பார்ப்பதற்காக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. "புதுசு" என்றார்கள், வீட்டுக்கு வந்த மருமகளைச் சொல்வதுபோல.

அந்தப் பெண்களில் ஒருத்தி அக்கா, ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். வண்டி தாமதம் என்பதைக்கூடக் கேட்பவர்களுக்குக் கோபம் வராதபடி சொல்லத் தெரிந்தவள். நோய் கல்லீரலுக்குப் போன பிறகு வேலைக்குப் போகவில்லை. புதுசு ஏற ஆரம்பித்து, கட்டிகள் பாதியாகச் சுருங்கிவிட்டன என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, குளியலறையில் நின்றுகொண்டு போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் உரக்க அறிவித்தாள். கூடத்தில் இருந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தத் தங்கைதான் ஒவ்வொரு முறையும் துணைக்கு வருகிறவள். கேக் கடையில் வேலை. விடுப்பு கேட்கும்போதெல்லாம் முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

காத்திருக்கும் அறைக்கு ஒரு தலைவி இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் நோயாளிதான். புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்.

"உள்ள ஒரு மேடம் கையில டேப்லெட் கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டே கேள்வி கேப்பாங்க, டேப்லெட் மேடம்னு சொல்லுவோம். வாந்தி, சோர்வு, முடி கொட்டுறது, அதெல்லாம் தாராளமா சொல்லு. இருமல் இருக்கான்னா இல்ல. மூச்சு வாங்குதான்னா இல்ல. நெஞ்சுப் பக்கம் மட்டும் வாயத் திறக்காத."

"பொய்யில்லையா டீச்சர்?" என்று முதல் நாளில் அக்கா கேட்டாள்.

"பிட்டு அடிச்ச பிள்ளைங்களப் பிடிச்சுப் பிடிச்சே எனக்குத் தலை நரைச்சுது. இப்ப நானே பிட்டு குடுக்கறேன் பாரு," என்று டீச்சர் சிரித்தார். பிறகு சுவரில் இருந்த கொக்கியைக் காட்டினார். அதில் ஒரு நீலச் சால்வை தொங்கியது.

அது சிரிப்பக்காவுடையது. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அந்தப் பெயர். ஒருநாள் டேப்லெட் மேடம் கேட்டபோது, "லேசா இருமல் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டாள். உடனே வேறு கதவு வழியாக அழைத்துப் போனார்கள். அன்றைக்கு அவளுக்குப் புதுசு ஏறவில்லை. அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. கேட்டால், "மத்த நோயாளிங்களப் பத்திப் பேசக் கூடாது" என்றார்கள். பெண்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருமல் என்றால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் ஆள் நிற்கமாட்டாள். ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தச் சால்வையை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆனால் இருமல் சொன்னபடி கேட்குமா? நடைபாதைக் கோடியில் ஒரு கழிப்பறை இருந்தது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அங்கே போய்க் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, இருப்பதையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டு வருவார்கள். வாசலில் வரிசை நிற்கும். தரையெல்லாம் ஈரம். பினாயில் நாற்றத்தோடு இருமல் மிட்டாய் வாசனை கலந்து குமட்டும். முகம் கழுவும் தொட்டியில் யாரோ துப்பியது சரியாகக் கழுவப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பேரப் பிள்ளை எடுத்த பெண்கள், பீடி குடிக்கும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி, ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றார்கள்.

அக்காவுக்கும் இருமல் வந்தது. முதலில் படுக்கும்போது மட்டும். பிறகு பேசும்போது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டது. அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "குழாயத் திறந்து விடுடி," என்றாள். தங்கை திறந்துவிட்டாள். அக்கா தொட்டியைப் பிடித்துக் குனிந்து, தோள்கள் குலுங்க இருமுவதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தாள்.

வெளியே டேப்லெட் மேடம் நின்றுகொண்டிருந்தாள்.

கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் தோளைச் சாய்த்து, டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து. உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தை மீறி அக்காவின் இருமல் வறட்சியாக, விடாமல் வந்தது. தங்கையைப் பார்த்ததும் அவள் திடுக்கிடவில்லை. புன்னகை செய்தாள்.

"முடிஞ்சதும் வரட்டும். அவசரமில்ல."

அறைக்குள் உட்கார்ந்த பிறகு, அதே வாயால் கேட்டாள். "இருமல்?"

"இல்ல மேடம்."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

விரல் திரையை இரண்டு முறை தட்டியது. நகத்தில் இளஞ்சிவப்புச் சாயம். தங்கை அந்த நகத்தையே பார்த்தாள். பொய் சொன்னவள் அவளுடைய அக்காதான், மறுக்கவில்லை. ஆனால் உயிருக்குப் பயந்து ஒருத்தி பொய் சொல்வது வேறு. அந்தப் பொய் பக்குவமாக வந்து விழட்டும் என்று வாசலில் காத்து நிற்பது வேறு.

அன்று மதியம் பெரிய டாக்டர் வந்தார். ஆய்வுக்குத் தலைவர் அவர்தான். கூடவே ஒரு கேக்கும் வந்தது, மேலே இளஞ்சிவப்பு கிரீமில் ரிப்பன் முடிச்சு. "எத்தனையோ ஊர்ல இந்த ஆய்வு நடக்குது. நெஞ்சுத் தொந்தரவு ரொம்பக் கம்மி நம்ம சென்டர்லதான். கூட்டத்துல எல்லாரும் எப்படிய்யான்னு கேக்கறாங்க. எங்க அம்மாக்கள் ஸ்ட்ராங்க்னு சொன்னேன்!" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். ஒரு பெண் கைதட்டியபடியே இருமலை விழுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அவள் தோளில் தட்டினார்.

தங்கை தினமும் குழைக்கிற அதே கிரீம்தான். ஒரு வாய் வைத்தாள். பழைய நெய்யும் சர்க்கரையுமாக நாக்கில் படிந்தது. எல்லோருக்கும் முன்னால் கைக்குட்டையில் துப்பினாள். இங்கே இருமல் மறைக்கப்படுவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் ஜெபிப்பது அவள் வழக்கம். அன்றைக்குக் கடவுளே என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. மடியில் ஒரு பை இருந்தது. அதில் நீலச் சால்வை. கிளம்பும்போது, எதற்கென்று யோசிக்காமலே கொக்கியிலிருந்து எடுத்துவிட்டாள். செத்துப்போன ஒருத்தியின் பொருளை அவள் வீட்டாரிடம் சேர்க்கக்கூட அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

சிரிப்பக்காவின் வீடு எங்கே என்று டீச்சரிடம் போனில் விசாரித்தாள். வண்ணமீன் விற்கிற கடைக்கு மேல் மாடி என்று சொன்னார். சால்வையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய ஆறுதலை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி படியேறினாள். கதவு திறந்தது. வட்டமாக உப்பிய முகத்தோடு ஒருத்தி நின்றாள்.

"யாரும்மா?"

தங்கை சால்வையை நீட்டினாள். அந்த முகம் அதைப் பார்த்தது, இவளைப் பார்த்தது, பிறகு சிரிக்க ஆரம்பித்தது.

"அடப் பாவிகளா! துக்கம் விசாரிக்க வந்தியா?"

"அக்கா... நீங்க..."

"பேய்னா கால் இருக்காதாமே. இந்தா பாரு, ரெண்டும் இருக்கு. வீங்கித்தான் இருக்கு. உள்ள வா."

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். புதுசு சிலருக்கு நுரையீரலைப் புண்ணாக்குமாம். தொடக்கத்தில் வெறும் இருமல்தான். அப்போதே பிடித்துவிட்டால் மருந்தை நிறுத்தி, மாத்திரை கொடுத்து ஆற்றிவிடலாம். அவளுக்கு அப்படித்தான் ஆற்றினார்கள். அந்த மாத்திரையால்தான் முகம் உப்பியது. இப்போது அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேறு மருந்து ஏறுகிறது.

"கொஞ்ச நாள் மறைச்சிருந்தா மூச்சு முட்டியே போயிருப்பேன்னு ஸ்கேன் டாக்டர் சொன்னார். இருமினா நிறுத்தணும்கிறது நம்மளத் துரத்தறதுக்கு இல்லடி, காப்பாத்தறதுக்கு."

"எங்ககிட்ட யாருமே சொல்லலையே அக்கா. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு, எல்லாரும் பாத்ரூம்ல போய் இருமறாங்க."

சிரிப்பக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நான் அந்த மேடம்கிட்ட எத்தன தடவ சொன்னேன். என் பேரச் சொல்லியே சொல்லுங்க, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்கன்னு. சரிம்மா சரிம்மான்னு தலையாட்டினாளே!"

தங்கை தண்ணீரைக் கீழே வைத்தாள். நோய் கெட்டதுதான். ஆனால் நோய்க்கு அறிவில்லை. ஒரே ஒரு வாக்கியம், ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்கிற வாக்கியம். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டேப்லெட் மேடம் புன்னகை செய்திருக்கிறாள்.

அக்காவிடம் இதையும், மேடம் கழிப்பறை வாசலில் நின்று கேட்டதையும் சொன்னபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கட்டி சுருங்குது. நீ அதக் கெடுக்கப் பாக்கறியா?"

"அக்கா, உனக்கு மூச்சு..."

"நிறுத்திட்டா அது மறுபடி வளரும். அப்ப நீ வந்து மாத்திரை குடுத்து ஆத்துவியா?"

சுருங்கிய கட்டி உண்மை. அடைக்கிற மூச்சும் உண்மை. இரண்டில் எது முந்தும் என்று தங்கைக்கு எப்படித் தெரியும்? எழுந்துபோய்ச் சிரிப்பக்காவுக்குப் போன் செய்தாள்.

அடுத்த முறை அறை நிறைந்திருந்தபோது, வாசலில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "லிஃப்ட் ரிப்பேராம். எமனே என்ன விட்டுட்டான், இந்த மாடிப்படி விடமாட்டேங்குது," என்றபடி சிரிப்பக்கா உள்ளே வந்தாள். நீலச் சால்வை போர்த்தியிருந்தாள். ஒரு பெண் கத்தியேவிட்டாள். இன்னொருத்தி ஓடிவந்து அந்த உப்பிய கன்னங்களைக் கிள்ளிப் பார்த்தாள். டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பக்கா நேராக அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "என் பையில பிஸ்கட் இருக்கு. ரெண்டு பேரும் பாதிப் பாதி," என்று உடைத்துக் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். மெல்லும்போது இருமல் வந்தது. எழுந்து கழிப்பறைப் பக்கம் திரும்பினாள். சிரிப்பக்கா சால்வையின் ஒரு முனையை எடுத்து அவள் வாயருகே பிடித்தாள்.

"இங்கயே இருமு. துவைச்சதுதான், உன் தங்கச்சி துவைச்சது."

அக்கா அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் இருமினாள். நீண்ட நேரம் இருமினாள்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். தங்கையும் கூடப் போனாள்.

"இருமல்?"

"இருக்கு மேடம்."

விரல் நின்றது. டேப்லெட் மேடம் குரலைத் தாழ்த்தினாள். "ஜலதோஷமா இருக்கும். இல்லைன்னே போட்டுடலாமா? பாவம், உங்களுக்கு மருந்து நின்னுடும்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டதும் தங்கைக்கு உடம்பெல்லாம் கூசியது. புழு ஊர்ந்ததுபோல இருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்து, வெகுநாளாக வீட்டில் கேட்காத அந்த நிலையக் குரலில், கதவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்:

"போன தடவையும் இருந்துச்சு. அதுக்கு முந்தியும் இருந்துச்சு. நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்க. இருக்குன்னு போடுங்க."

அன்றே நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் அடியில் பனி படிந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. தொடக்கம்தான் என்றார்கள். புதுசு நின்றது. தெளிந்த பிறகு மறுபடி தொடங்கலாமா, இல்லை வேறு மருந்துதானா என்பது பிறகுதான் தெரியும். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்று அக்கா கேட்டாள். யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அக்கா அழுதாள். சிரிப்பக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்ற வார்த்தையை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே தங்கைக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

அன்று மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக "இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். வழியில் வந்த பெரிய டாக்டர், "என்ன இது, எல்லாரும் ஒரே நாள்ல பேசி வச்ச மாதிரி!" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாகப் போனவர் டீச்சர். கதவு சரியாக மூடியிருக்கவில்லை.

"இருமல்?"

"இல்ல."

டேப்லெட்டை மேசைமேல் கவிழ்த்து வைப்பது வெளியே நின்ற தங்கைக்குத் தெரிந்தது. மேடம் எழுந்து, நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து, டீச்சரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. பயத்தாலா, வெட்கத்தாலா, தங்கைக்குத் தெரியாது. அவளை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

"மறுபடியும் கேக்கறேன் டீச்சர்," என்றாள் மேடம். "யோசிச்சு சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே இருமல் வந்துவிட்டது.