தளை தட்டாத இரண்டடி

அலுவலகத்தில் அவளைப் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடநூல் போடும் அந்தப் பதிப்பகத்தில் பதினான்கு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழாமல் போனால், பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள் என்று பேர்.

அண்ணன் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நெஞ்சு எரியுது, ஒரு மாத்திரை வாங்கிட்டு வா என்று இவளிடம் சொன்னார். இவள் தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணி உள்ளே துணி அலசிக்கொண்டிருந்தாள். அப்புறம் நடந்ததையெல்லாம் இவள்தான் முன்னின்று செய்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரையோ சொன்னதாகத்தான் பட்டது. ஊசி போட்ட பல் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

இருபத்தாறாம் நாள் காலை அலுவலகத்தில் பதிப்பாசிரியர் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"செய்யுள் பாடம்மா. எதுகை, மோனை, உவமை, வெண்பா. விளக்கமெல்லாம் ரெடி. உதாரணம்தான் இல்ல. பழைய பாட்டுக்கு அனுமதி கேட்டா ஆறு மாசம் இழுப்பாங்க. நீங்களே நாலு வரி கட்டிடுங்களேன்?"

"சரி சார்."

மரத்த கைக்கு அது தோதான வேலையாக இருந்தது. மோனை என்றால் முதலெழுத்து ஒன்றி வர வேண்டும். 'அண்ணன் அறையில் ஆணியில் அரைக்கைச் சட்டை' என்று எழுதினாள். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து. 'மருந்து வந்தது, இருந்தவர் இல்லை.' உவமைக்கு, 'தூங்குவது போலச் சாய்ந்திருந்தார்.' போல என்பதன் கீழே கோடு போட்டாள். வெண்பாவுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு சீர் முடிகிற விதத்துக்கு ஏற்றபடி அடுத்த சீர் தொடங்கியாக வேண்டும். பிசகினால் தளை தட்டும். விரலால் மேசையில் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் எழுதினாள்.

*கொடியில் உலர்ந்தது சட்டை எடுக்கப்*
*படியேறி வந்தவர் யார்*

எல்லாவற்றையும் படம் போடும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். கேள்வி கேட்காமல் ஒரு கோடு இழுக்க மாட்டாள்.

"அக்கா, ஆணியில மாட்டினதும் கொடியில காயுறதும் ஒரே சட்டையா? ஒரே கலர் குடுத்துடவா?"

"ஒண்ணுதான். வெளிர்நீலம். சின்னக் கட்டம் போட்டது. பாக்கெட் ஓரத்துல மைக் கறை இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். புள்ளியக்கா தாளைத் திருப்பி வாங்கி முதலிலிருந்து படித்தாள். அறை, ஆணி, மருந்து, சட்டை. ஒரு பாடம் முழுக்க அண்ணன்தான் கிடந்தார். 'மருந்து' என்ற சொல்லில் ன் ஒன்று புள்ளியில்லாமல் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. அந்தச் சொல்லில் ன் கிடையாது. அதைப் புரிந்துகொள்ளவே சற்று நேரமாயிற்று.

பதிப்பாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிமூணு வயசுப் பிள்ளைங்கம்மா. படியேறி வந்தவர் யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

"மாத்திடறேன் சார்."

மாற்றினாள். மயில், மழை, மாமரம். எதுகைக்கு வண்டியும் நொண்டியும். பதினைந்து நிமிட வேலை. வெண்பாவை மட்டும் அவர் மாற்ற விடவில்லை. "அது இருக்கட்டும். பிள்ளைங்க கேட்டா கேக்கட்டும். சுத்தமா இருக்கு" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் வெண்பா இருந்த தாளைக் காட்டினாள். ஏன் காட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அண்ணி சமையலறை வாசலில் நின்றபடி வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"உங்கண்ணன் எந்தக் காலத்துல படியேறினாரு? லிஃப்ட் ரிப்பேர்னா கீழ கடையிலயே உக்காந்துட்டு, மேல வர மாட்டேன்னு போன் பண்ற ஆளு."

"லிஃப்ட்னு போட்டா தளை தட்டும் அண்ணி."

அண்ணி சிரித்தாள். இருபத்தாறு நாளில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே வேறாக மாறி, முந்தானைக்குள் போய்விட்டது. இவள் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். தனக்கும் ஏதாவது வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. கைக்குக் கீழே அண்ணியின் முதுகு சூடாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணி கேட்டாள்:

"தளை தளைன்றியே, அது என்னடி?"

"ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாப் பிரிக்கணும். தனியா நின்னா நேர். குறில் முன்னால ஒட்டிக்கிட்டு வந்தா நிரை. எதுக்கு அடுத்து எது வரலாம்னு கணக்கு இருக்கு."

"நாம பேசுறதையும் பிரிக்கலாமா?"

"எதை வேணா பிரிக்கலாம்."

"சாப்பிட்டியா. இதைப் பிரி."

அவள் சமையல் மேடையில் விரலால் தட்டினாள். "சாப். பிட். டியா. நேர் நேர் நிரை. தேமாங்கனி." பழக்கதோஷத்தில் சேர்த்துச் சொன்னாள்: "கனியில முடியற சீர் வெண்பாவுல வரக் கூடாது அண்ணி."

"வராட்டி போகட்டும். நீ சாப்பிட்டியா?"

அவள் மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். அண்ணியே போய்க் கைப்பையிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். மூடியே திறக்கவில்லை. சோற்றைச் சூடாக்கி இரண்டு தட்டில் போட்டாள். இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சோற்றில் உப்பு குறைச்சல் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளில் நாக்குக்குத் தெரிந்த முதல் விஷயம் அது. உப்பு ஜாடியை எடுத்து அண்ணியின் தட்டிலும் கொஞ்சம் போட்டாள்.