பேய் மலையில் ஒரு யாத்திரை

"இதில எங்க கோயில்?" என்று மேரிறோஸ் கேட்டார்.

தொலைக்காட்சித் திரை முழுவதும் பச்சை. புல் மூடிய ஒரு மலை, மலைக்கு மேலே நீல வானம், வானத்தில் ஒரு பட்டம், பட்டத்து நூலின் மறு நுனியில் மேரிசாந்தி.

"கோயில் மலைக்குப் பின்னுக்கு, மச்சாள்," என்றாள் சாந்தி.

"மலைக்கு என்ன பேர்?"

"ஏதோ யப்பான் பேர்."

"யப்பான் பேருக்கு ஒரு கருத்து இருக்குமெல்லோ?"

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் என் தேநீரைப் பார்த்தேன்.

"பேய் மலை," என்றாள் சாந்தி.

"நல்லது. யாத்திரை போன பிள்ளை பேய் மலையில ஏறிப் பட்டம் விட்டிருக்கிறா. பல்லும் தெரியுது."

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மேரிறோஸ், சாந்தியின் காலஞ்சென்ற கணவர் றெஜினோல்டின் மூத்த சகோதரி. வீடு லண்டனில், லூயிஷாமில். ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்களைக் கூப்பிட்டிருந்தார், யாத்திரைப் படங்கள் பார்க்கவாம். சாந்தியின் கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு தொடுத்துவிட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவன் அவளுடைய மகன் டெனுசன். மூலையில் மேரிறோசின் கணவர் ஆனந்தராஜா அண்ணை. நான் நாகேஸ்வரி, கோலியர்ஸ் வுட்டில் சாந்திக்கு அடுத்த பிளாட், அவளோடு துணைக்குப் போய்வந்தவள். சைவக்காரி; அவர்களோ வேதக்காரர், கத்தோலிக்கர். "துணைக்கு ஒரு வேதக்காரரும் அகப்படேல்லையோ" என்று மேரிறோஸ் வாசலிலேயே என்னை வரவேற்றிருந்தார்.

றெஜினோல்ட் இறந்து ஆண்டு முடியவில்லை. அந்த ஓராண்டுக்கு எங்கள் சனத்துக்குள் சட்டங்கள் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, அதனால்தான் ஒருவராலும் மாற்ற முடியவில்லை. கலியாண வீட்டுக்குப் போகக்கூடாது. நிறமாக உடுக்கக்கூடாது. விடுமுறைக்கு எங்கேயும் போகக்கூடாது. ஆனால் யாத்திரை போகலாம். லூர்துக்குப் போய் இரண்டு நாள் கடைத்தெருவில் நின்றாலும் அது செபத்தில் சேர்ந்துவிடும்.

சாந்தி ரீவியில் கோத்தோ தீவுகளைப் பார்த்தாள். யப்பானின் மேற்குக் கரையோரம். முதலில் கடலைக் காட்டினார்கள், பிறகு மீனைக் காட்டினார்கள். மன்னார்க்காரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். கடைசியில், ஒரு காலத்தில் அங்கே கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒளித்திருந்து செபித்ததையும், பிறகு கட்டிய சின்னச் சின்னக் கோயில்களையும் காட்டினார்கள். மீனைப் பார்த்து ஆசைப்பட்டவள் கோயிலைப் பார்த்துத் துணிந்தாள்.

இதையெல்லாம் ஒரு நீதிமன்றம் மாதிரி வைத்து விசாரிப்பதற்குக் காரணம் இருந்தது. ஆண்டு முடிந்ததும் சாந்தி தன் பிளாட்டை டெனுசனிடம் விட்டுவிட்டு லூயிஷாமுக்கு வந்து மச்சாளோடு இருக்கவேண்டும் என்று மேரிறோசும் டெனுசனும் முடிவெடுத்திருந்தார்கள். சாந்தியைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். அவளுக்கென்று மாடியில் பொக்ஸ் ரூமும் ஒதுக்கியாயிற்று. உள்ளே ஒருவரும் ஏறாத உடற்பயிற்சிச் சைக்கிள், நத்தார் மரப் பெட்டி, மூன்று சூட்கேசு, இவற்றுக்கு நடுவில் ஒரு கட்டில். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியின் தரிசனம்.

வரும்போது ரயிலில் சாந்தி எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள்.

"நாகேஸக்கா, நான் தனியப் போய், ஒழுங்காச் செபம் பண்ணி, பத்திரமா வந்திட்டன் எண்டு அவைக்குத் தெரியவேணும். அப்பதான் என்னை என்ர வீட்டில விடுவினம்."

"தனியவோ? அப்ப நான் ஆர்?"

"நீங்கள் சாட்சி. கோயில் எண்டு நான் சொன்னால் தலையை ஆட்டுங்கோ. படம் கோயிலோட முடியவேணும். அதுக்கு அங்கால டெனுசன் தள்ளாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

"அங்கால என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியுந்தானே."

"அதுதான் சொல்லுறன்."

டெனுசன் அடுத்த படத்தைத் தள்ளினான். படகு. கடல் கண்ணாடி மாதிரி, அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெரிகிறது. சாந்தி கொளுத்தும் செம்மஞ்சள் நிறத்தில் நிற்கிறாள்.

"ஆண்டு முடியேல்ல," என்றார் மேரிறோஸ். "செம்மஞ்சள்."

"அது லைஃப் ஜக்கெட், மச்சாள்."

"கறுப்பில இருக்கேல்லயோ?"

"கறுப்பில குடுத்தால் விழுந்த ஆளை எப்பிடித் தேடுறது, மாமி," என்றான் டெனுசன். அன்று அவன் தாய்க்குச் செய்த ஒரே உதவி அது.

அடுத்தது சாப்பாடு. மேசை நடுவில் பெரிய இரும்புப் பானை கொதிக்கிறது, அதற்குள் நூல் மாதிரி மெல்லிய நூடில்ஸ். ஆனந்தராஜா அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதென்ன சாமான், சாந்தி?"

"ஊடோன், அண்ணை. கமெலியா எண்டொரு பூ மரம், அதின்ர விதையில எடுக்கிற எண்ணெய் தடவி இழுத்துச் செய்யிறது. கொதிக்கக் கொதிக்கப் பானைக்குள்ளால எடுத்து, பச்சை முட்டையில தோய்ச்சுச் சாப்பிடவேணும்."

"வழுக்குமோ?"

"வழுக்கிக்கொண்டு போகும். கடிக்கத் தேவையில்லை."

"இதுக்கும் ஒரு பேர் இருக்கும்," என்றார் மேரிறோஸ்.

சாட்சிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நரகப் பானை," என்றேன் நான். "கொதிக்கிற கொதியைப் பாத்து வைச்ச பேராம்."

"பேய் மலையில ஏறி இறங்கி நரகத்தில சாப்பிட்டிருக்கிறியள்." மேரிறோஸ் சோபாவில் சாய்ந்துகொண்டார். "லூர்தில சூப்தான் தருவினம்."

அதன்பின் முள்ளு முள்ளாக ஒரு கடல் பிராணி, உடைத்தால் உள்ளே மஞ்சள் சதை, அதைச் சாந்தி கரண்டியால் வழித்துப் பச்சையாகச் சாப்பிடும் படம். பச்சை மீன் துண்டுகள் படம். வற்றாளங்கிழங்கைக் காயவைத்து அரிசியோடு இடித்துச் செய்த பலகாரத்தின் படம். அந்தப் பலகாரத்தில் ஒரு பெட்டி அவர்களுக்கும் கொண்டுபோயிருந்தோம். ஆனந்தராஜா அண்ணை அதன் மூடியைத் திறந்துவிட்டார்.

"பச்சையாவோ?" என்று மேரிறோஸ் கேட்டார்.

"ஒறுத்தல் எண்டு நினைச்சுச் சாப்பிட்டனான்," என்றாள் சாந்தி.

"ருசி எப்பிடி?" இது அண்ணை.

"கடலை அப்பிடியே வெண்ணெயில குழைச்ச மாதிரி, அண்ணை." சொன்னபிறகுதான் ஒறுத்தல் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், கோயில்களைத் தேடி நாங்கள் போகாமலில்லை. அங்கேயுள்ள சில கோயில்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போகவேண்டும். யாத்திரிகர்களான நாங்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தது மீன் சாப்பாட்டுக் கடைக்கு மட்டும். ஒரு கோயிலின் படலையடியில் நின்று, பூட்டைப் பார்த்து, சிலுவை போட்டுவிட்டுத் திரும்பினாள் சாந்தி. நானும் மரியாதைக்குக் கும்பிட்டேன்.

டெனுசன் தள்ளினான். கடைசிப் படம் வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு கோயில், கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர், நடுவில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. முழந்தாளில் சாந்தி. அவளுக்குப் பக்கத்தில் நீண்ட வெள்ளை அங்கியில் ஒரு வெள்ளைக்காரர், தலையைக் குனிந்தபடி.

மேரிறோஸ் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். சிலுவை அடையாளம் போட்டார்.

"பாதர் ஆர்?"

"கெவின்," என்றாள் சாந்தி.

"பாதர் கெவின். எந்த நாட்டவர்?"

"குறொய்டன் ஆள்."

"எங்கட குறொய்டனோ?"

"ஓம். ட்ராம் இப்பவும் விம்பிள்டனுக்கு ஓடுதோ எண்டு கேட்டவர்."

"கடவுளின்ர செயலைப் பார்." மேரிறோசின் கண் கலங்கிவிட்டது. "என்ர தம்பியின்ர ஆத்துமத்துக்குப் பூசை வைக்கவெண்டே குறொய்டனிலயிருந்து ஒருத்தரை அங்க அனுப்பி வைச்சிருக்கிறார். தம்பியைப் பற்றிச் சொன்னனியோ?"

"எல்லாம் சொன்னனான்."

"நீ தந்த அந்த எண்ணெயும் இந்தக் கோயிலிலதானே மந்திரிச்சது? முழங்காலில பூசுறன் சாந்தி, நோவு பாதி இறங்கிப்போச்சு."

சாந்தி என்னைப் பார்த்தாள். சாட்சி தலையை ஆட்டினாள். ஆட்டச் சொல்லித்தானே கூட்டி வந்தது.

வழக்கில் வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சாந்தியும் அப்படித்தான் நினைத்து மூச்சை விட்டாள். மேரிறோஸ் வந்து அவளருகில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டத்தையும் பானையையும் பாத்து நான் பிழையா நினைச்சிட்டன். இப்பிடிப்பட்ட பிள்ளையைத் தனிய விட்டுவைக்கிறது பாவம். ஆண்டு முடியுமட்டும் ஏன் பாத்துக்கொண்டிருக்கவேணும்? சனிக்கிழமை சாமான் ஏத்த வான் வரட்டும். டெனுசன், சொல்லு."

"ஓம் மாமி, கேட்டு வைச்சிட்டன்."

"நான் இவ்வளவு தூரம் போய்த் தனியச் சமாளிச்சு வந்தனான், மச்சாள்," என்றாள் சாந்தி. "என்ர வீட்டில என்னால இருக்க ஏலும்."

"ஆர் ஏலாதெண்டது? ஆனால் உன்ர மனம் முழுக்கச் செபத்திலயெல்லோ. செபத்தில இருக்கிற ஆளுக்கு வீடு என்னத்துக்கு? ஒரு கட்டில், ஒரு மாதா சுருவம் காணும். மரியாயின் சேனைக் கூட்டத்துக்கும் ரெண்டு பேருமாப் போகலாம். மேல சைக்கிளை மற்றப் பக்கம் தள்ளி வைக்கிறன்."

"அம்மா, பிறக்டிக்கலா யோசியுங்கோ," என்றான் டெனுசன்.

சாந்தி திரையில் நின்ற அந்தப் படத்தைப் பார்த்தாள். பட்டமும் நரகப் பானையும் அவளை அவளுடைய வீட்டிலேயே வைத்திருக்கப் பார்த்திருக்கின்றன. அவளை மாடி அறைக்குள் தள்ளியது அந்தச் சிலுவைப் படந்தான்.

"டெனுசன்," என்றாள். "அடுத்ததைப் போடு."

நான் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள்?" என்றான் டெனுசன்.

"முடியேல்ல. போடு."

அதே வெள்ளைக் கோயில், அதே வாசல். வாசலில் வெள்ளைச் சட்டையில் ஒரு மணப்பெண். சுற்றிவர யப்பான் சனம் பூவிதழ் எறிகிறது. எறிகிறவர்களில் சேலையோடு ஒருத்தி. அது நான்.

"ஆற்றையோ கலியாணம்," என்றார் மேரிறோஸ். குரல் இறங்கிவிட்டது. "ஆண்டுக்குள்ள கலியாணத்தில நிண்டனியோ?"

"அடுத்தது."

அடுத்த படத்தில் சாந்தி நடுவில் நிற்கிறாள். இரண்டு கையாலும் மணப்பெண்ணின் பூச்செண்டைப் பிடித்திருக்கிறாள். வாய் திறந்து, கண் மூடி, பின்னுக்குச் சாய்ந்து சிரிக்கிறாள். பேய் மலையில் தெரிந்த பல்லெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

லண்டனில் எத்தனை கலியாண வீடு பார்த்தவர்கள். பூச்செண்டு யார் கையில் விழுகிறதோ அவருக்குத்தான் அடுத்த கலியாணம் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"அது தானா வந்து விழுந்தது," என்றேன் நான், சாட்சி என்ற முறையில்.

"தானா விழேல்ல, எட்டித்தான் பிடிச்சனான்," என்றாள் சாந்தி. "மச்சாள், அது கோயிலில்லை. ஹோட்டல்காரர் கலியாணத்துக்கெண்டு கட்டி வைச்ச மண்டபம். கோயிலெண்டு நினைச்சுத்தான் உள்ளுக்குப் போனனாங்கள். கெவின் பாதருமில்லை. அங்க பள்ளிக்கூடத்தில இங்கிலீசு படிப்பிக்கிறவர். சனி ஞாயிறு அங்கி போட்டுக் கலியாணம் செய்து வைக்கிறவர், சோடிகளுக்கு அப்பிடிப் பிடிக்குமாம்."

"என்ர தம்பியின்ர பூசை?"

"பூசை வைக்க அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரியாதெண்டு முதலே சொல்லிப்போட்டுது, பொய் சொல்லேல்ல. பிறகு மண்டபத்தில ஓடின பாட்டை நிப்பாட்டிப்போட்டு எனக்குப் பக்கத்தில இருந்தது. நான் உங்கட தம்பியின்ர கதையைச் சொன்னனான். கடைசி மாதத்தில சோறு இறங்காமல் இவர் பட்ட பாட்டை, எனக்குத் தெரியாமல் ஒளிச்சுச் சிகரெட் குடிச்சதை, என்னோட கோவிச்சுக்கொண்டு பேசாமல் கிடந்ததை. அழுதும் சொன்னன், சிரிச்சும் சொன்னன். முப்பத்தொராம் நாள் பூசையில இவரை நல்ல மனுசன் எண்டு மட்டுந்தான் சொன்னவை. வெளிய வர அந்தப் பிள்ளை பூச்செண்டை எறிஞ்சுது. பிடிச்சன்."

மேரிறோஸ் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். பொத்தானைத் தேடவே சிறிது நேரம் பிடித்தது.

"மரியாயின் சேனையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றார். "இனி என்ன முகத்தோட போறது? இந்தக் கூத்தை மேல கொண்டுவந்து வைச்சிருக்க என்னால ஏலாது."

"அப்ப சனிக்கிழமை வான்?"

"ஒரு வானும் வராது. ஆண்டுப் பூசையையும் நீ உன்ர கோயிலில வை. நான் என்ர கோயிலில வைக்கிறன்."

"வையுங்கோ மச்சாள். அவருக்கு ரெண்டும் தேவை," என்றாள் சாந்தி. தன் தம்பியை நினைத்துச் சேர்ந்து அழுவதற்கு மேரிறோசுக்கு எத்தனை பேர்தான் மிச்சம் என்று அவளுக்கும் தெரியும்.

டெனுசன் தொலைபேசியைக் கழற்றித் தாயிடம் கொடுத்தான். "அன்ரி, நீங்களாவது சொல்லியிருக்கலாம்," என்று என்னிடம் குறைப்பட்டான். சாட்சியை யாரும் கேட்கவில்லையே, நானாக எப்படிச் சொல்வது.

சப்பாத்துப் போடும்போது ஆனந்தராஜா அண்ணை பலகாரப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார்.

"திருப்பிக் குடுக்கச் சொல்லுறா. ரெண்டு குறையும், அது நான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மஞ்சள் சதை, இஞ்ச எங்கையும் வாங்க ஏலுமோ?"

"விசாரிச்சுச் சொல்லுறன் அண்ணை," என்றாள் சாந்தி.

ரயிலில் இருவரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். சாந்தி தன் வீட்டுத் திறப்பைக் கைப்பையில் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னீர்," என்றேன். "அந்தக் கமெலியா எண்ணெயைச் சொல்லேல்லையே. அது தலைக்குப் பூசுறதெண்டெல்லோ போத்தலில கிடக்கு."

"முழங்கால் நோவு இறங்கியிருக்குதாம், நாகேஸக்கா," என்றாள் சாந்தி. "அது கிடக்கட்டும். எண்ணெய் முடிஞ்சவுடன மச்சாள் கேப்பா. கேக்கவெண்டாவது எனக்கு ஒருக்கா ஃபோன் எடுப்பாதானே."