தலைவர் அறையில் விடியவில்லை

நிலவுப் பயணத் திட்டத்திலிருந்து துளைக்கருவியை நீக்கிய மறுநாள் முதல் திட்டத் தலைவரின் அறையில் மட்டும் விடியவில்லை. வராந்தாவில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு, கடுங்குளிர். ஜன்னல்வரை வந்த வெளிச்சம் கண்ணாடியோடு நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து எல்லா விளக்கையும் மாற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் போட்டுக்குங்க சார்" என்று சொல்லிப் போனான்.

நீக்கப்பட்டது அண்ணியின் கருவி. தலைவருடைய கூடப்பிறந்த அண்ணனைக் கட்டியவர், அதே அலுவலகத்தில் பாறை விஞ்ஞானி. கல்யாணத்தன்றே இருவருக்கும் ஆகாமல் போனது. காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது, கோபம் மறக்கவில்லை. நிலவின் தென்முனையில் சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளங்களில் ஆதிகாலத்துப் பனி உறைந்து கிடக்கிறது, பூமிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டால் தெரியும், மனிதர்கள் போவதே அதற்குத்தான் என்பது அண்ணியின் கட்சி. சமவெளியில் பத்திரமாக இறங்கி, கல் பொறுக்கி, படம் எடுத்துத் திரும்பினால் போதும் என்பது தலைவரின் கட்சி.

"கல் பொறுக்க ஆள் எதுக்கு தம்பி? அதை மெஷினே செய்யும்" என்றார் அண்ணி, கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால். "போன தடவை மெஷின் தோண்டினப்ப துளைமுனை சிக்கிக்கிச்சு. எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியல. மனுஷன் கைக்குத் தெரியும்."

"ஆபீஸ்ல தம்பி கிடையாது. சார்னு கூப்பிடுங்க, அண்ணி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் கருவி போனது.

வேறு அறைக்கு மாறினால் அண்ணி ஜெயித்ததாகிவிடும் என்று தலைவர் இருட்டிலேயே வேலை பார்த்தார். பேனா மை உறைந்தது, மீசையில் பனி படிந்தது. அண்ணி ஒருநாள் கதவிடுக்கில் வெப்பமானியை நீட்டினார். அது அந்தப் பள்ளங்களின் குளிரையே காட்டியது. அந்தக் குளிரில் ஆள் பிழைக்க முடியாது. தலைவருக்கு மூக்கு மட்டும் ஒழுகியது.

பயிற்சிக்கு இப்படியொரு இடம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அண்ணி மேலிடத்தில் சொல்லிவிட்டார். விண்வெளி வீரர்கள் கவச உடையோடு வந்தார்கள். தலைவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு வீராங்கனை பனி இறுகிக் கிடந்த தரையில் அண்ணியின் கருவியால் துளையிட்டாள். பாதியில் முனை இறுகியது. அவள் சட்டென்று நிறுத்தி, பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். கை நீளத்துக்குப் பனித்தூண் வந்தது. தலைவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். யாருமே பார்த்திராத வயசு அதற்கு. அண்ணி சொன்னது சரி என்று நெஞ்சு ஒப்புக்கொண்ட அந்த நொடியில், முன்னைவிட அதிகமாக அவரை வெறுத்தார்.

மறுநாளே கருவியைத் திரும்பச் சேர்த்தார், இறங்குமிடத்தையும் பள்ளத்தின் விளிம்புக்கு மாற்றினார். அண்ணிக்குச் சொல்லவில்லை. அண்ணி நன்றி சொல்லவுமில்லை. வீரர்கள் போய், பனியோடு திரும்பினார்கள். உலகமே கொண்டாடியது; இருவரும் மேடையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று இருட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து, படுக்கையறையில் தங்கிக்கொண்டது. மனைவி இன்னொரு கம்பளி வாங்கினாள், பாலை அங்கேயே வைத்தாள். தெருவில் யார் கேட்டு வந்தாலும் இல்லையென்று சொல்லாமல் ஐஸ் வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் தலைவர், அண்ணி வீட்டுக்குத் தவிர.